26 ஜிபி கோப்பும் ஏழு பைட்டுகளும்: பெரிய டம்ப் கோப்பைத் திருத்த எடிட்டர் தேடிய நிகழ்வு

பின்னணி

நான்கு பேர் கொண்ட எங்கள் தரவுத்தளக் குழுவிடம், மூடப்படவிருந்த ஒரு சர்வரின் தரவுகளை வேறொரு சர்வருக்குக் கொண்டுசேர்க்கும் வேலை வந்தது. பழைய சர்வரில் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 8.0 பதிப்பு ஓடியது, சேர வேண்டிய இடத்தில் 5.7 இருந்தது. பதிப்பில் பின்னோக்கிப் போவதை யாரும் விரும்பிச் செய்வதில்லை என்றாலும், அங்கே ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் 5.7-ஐ மட்டுமே ஏற்கும் நிலையில் இருந்ததால் எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இப்படி இறங்குவதற்குத் தரவுகளை எஸ்கியூஎல் கட்டளைகள் கொண்ட உரையாக (இதுவே டம்ப்) எழுதி வாங்கி மறுபடி ஏற்றுவதே நடைமுறையில் உள்ள வழி. நாங்கள் வேலையைத் தொடங்கியபோது பழைய சர்வர் அணைக்கப்பட்டிருந்தது. எஞ்சியிருந்தது மைஎஸ்கியூஎல்டம்ப் கருவி எழுதிக்கொடுத்த ஒரே ஒரு கோப்பு. அதன் அளவு 26 ஜிபி. உள்ளே 187 டேபிள்கள்.

கோப்பை ஏற்றத் தொடங்கிய சில நொடிகளிலேயே, முதல் டேபிளை உருவாக்கும் கட்டளையில், 1273 என்ற பிழை எண்ணுடன் வேலை நின்றது. எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதிக்கு மைஎஸ்கியூஎல்லில் கொலேஷன் என்று பெயர். 8.0-இல் இயல்பாக அமையும் கொலேஷனின் பெயரில் நடுவே '0900_ஏஐ' என்ற பகுதி வரும். அந்தக் கொலேஷன் 5.7-இல் கிடையாது. அதற்கு மாற்றாக, அதே இடத்தில் 'யூனிகோட்' என்ற சொல் வரும் பழைய கொலேஷனைப் பயன்படுத்தலாம். ஆக, செய்ய வேண்டியது கோப்புக்குள் ஒரு பெயரை இன்னொரு பெயராக மாற்றுவது மட்டுமே. அதற்கு 26 ஜிபி கோப்பைத் திறக்கக்கூடிய எடிட்டர் எது என்பதே எங்களிடம் எழுந்த முதல் கேள்வி. மீளாய்வுப் பொறுப்பு என்னிடம் இருந்தது. அந்தக் கேள்வியை அப்படியே ஏற்றுக்கொண்டவன் நான் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

முதலில் கண்டது

வேலையைச் செய்த இளநிலைப் பொறியாளரின் கணினியில் 16 ஜிபி நினைவகம் இருந்தது. அவர் நாள்தோறும் நிரல் எழுதப் பயன்படுத்தும் எடிட்டரில் கோப்பை இழுத்துப் போட்டார். சில நிமிடங்கள் கழித்துத் திரை உறைந்தது. பிறகு எடிட்டர் தானாக மூடிக்கொண்டது. இது எதிர்பார்த்ததுதான். பெரும்பாலான எடிட்டர்கள் கோப்பை முழுவதும் நினைவகத்தில் ஏற்றி, ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று அட்டவணை போட்டு, அதன்மேல் வண்ணமிடல், செயல் மீட்பு வரலாறு போன்றவற்றை அடுக்குகின்றன. கோப்பின் அளவைவிட அதிகமான நினைவகம் அதற்குத் தேவைப்படும்.

கோப்பின் அளவு மட்டுமே சிக்கல் என்று நாங்கள் அப்போது நினைத்தோம். உண்மையில் 'பெரிய கோப்பு' என்ற சொல்லுக்குள் மூன்று தனித்தனிச் சுமைகள் இருக்கின்றன: மொத்த பைட்டுகள், வரிகளின் எண்ணிக்கை, ஒரு வரியின் நீளம். விஎஸ் கோட் எடிட்டரைச் செய்பவர்கள் 2018-இல் அதன் உள்ளமைப்பை மாற்றியதற்கான காரணத்தை விளக்கியபோது 35 எம்பி மட்டுமே உள்ள ஒரு கோப்பை எடுத்துக்காட்டினார்கள். அதில் 1.37 கோடி வரிகள் இருந்ததால், வரிப் பட்டியல் மட்டும் ஏறக்குறைய 600 எம்பி நினைவகத்தை விழுங்கியது. எங்கள் கோப்பு அதற்கு நேர்மாறானது. டம்ப் கருவி பல பதிவுகளை, டேபிளில் தரவு சேர்க்கும் ஒரே இன்சர்ட் கட்டளையில் சேர்த்து எழுதுவதால், 26 ஜிபியில் மொத்தம் 28 ஆயிரம் வரிகள்தான் இருந்தன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 எம்பி நீளம். நீளமான வரிதான் திரையில் காட்டும் பகுதியை அதிகம் வாட்டுகிறது. விஎஸ் கோட் 20,000 எழுத்துகளைத் தாண்டிய வரிக்கு வண்ணமிடுவதையே விட்டுவிடுவதும், விம் எடிட்டர் ஒரு வரியில் இயல்பாக 3,000-ஆவது இடத்துக்குமேல் வண்ணம் தேடாததும் இதனால்தான்.

முதல் முடிவும் அதற்கான காரணமும்

முழுக் கோப்பு திறக்காததால், அதை உடைத்துத் திருத்துவது என்று முடிவெடுத்தோம். பொறியாளர் ஸ்பிளிட் கட்டளையைக் கொண்டு, எந்த வரியும் நடுவில் அறுபடாதபடி, ஒவ்வொன்றும் 500 எம்பிக்கு மிகாத 52 துண்டுகளாகக் கோப்பைப் பிரித்தார். டேபிளை உருவாக்கும் கட்டளைகள் எல்லாத் துண்டுகளிலும் இருக்கவில்லை. தேடிப் பார்த்ததில் 9 துண்டுகளில் மட்டும் மாற்ற வேண்டிய பெயர் இருந்தது. அந்த ஒன்பதையும் தனது எடிட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து, அனைத்தையும் மாற்று என்ற கட்டளையைக் கொடுத்து, சேமித்து, பிறகு 52 துண்டுகளையும் வரிசையாக ஒட்டினார்.

இந்த வழியை நான் ஒப்புக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. புதிய கருவி எதையும் கற்க வேண்டியதில்லை. மாற்றம் நடந்ததைக் கண்ணால் பார்க்கவும் முடிகிறது. மூலக் கோப்பை எழுத முடியாத வாசிப்பு மட்டும் என்ற நிலையில் தனியாக வைக்கச் சொன்னேன். நான் அன்று சொன்னவற்றில் பயன்பட்டது அது ஒன்றுதான்.

ஒட்டிய கோப்பின் அளவு 27 ஜிபி என்று காட்டியது. பொறியாளர் அதைக் கவனித்தார். வரி முடிவுக் குறிகள் மாறியிருக்கலாம் என்று கருதி விட்டுவிட்டார். 28 ஆயிரம் வரிகள் உள்ள கோப்பில் வரிக்கு ஒரு பைட் கூடினாலும் மொத்தம் 28 ஆயிரம் பைட்டுகள்தான் கூடும். ஒரு ஜிபி கூடாது. இந்தச் சிறிய கணக்கை அன்று இரவு எங்களில் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை.

விளைவு: ஓரங்களில் கெட்ட படங்கள்

சோதனைச் சர்வரில் கோப்பு இரவு முழுவதும் ஏறியது. டேபிள்கள் ஏறியதில் ஒரு பிழையும் வரவில்லை. மறுநாள் காலை, தரவுகளைச் சரிபார்த்த குழு உறுப்பினர் சில பதிவுகளில் சிறுபடங்களின் இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் மட்டும் தெரிவதாகச் சொன்னார். எல்லாப் படங்களும் கெட்டிருந்தால் காரணத்தை எளிதில் கண்டுபிடித்திருக்கலாம். பல படங்கள் நன்றாக இருந்தன. ஆகவே வட்டில் பழுதா, நகல் எடுக்கும்போது பிணையத்தில் இடையூறா என்று அரை நாள் தேடினோம்.

கெட்ட படங்களின் பதிவு எண்களை வரிசைப்படுத்தியபோதுதான் ஓர் ஒழுங்கு தெரிந்தது. படங்கள் மூன்று டேபிள்களில் இருந்தன. மூன்றிலும் மிகப் பழைய பதிவுகளும் மிகப் புதிய பதிவுகளும் கெட்டிருந்தன, நடுவில் இருந்த பெரும்பகுதி நன்றாக இருந்தது. டம்ப் கருவி, ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் முதன்மைச் சாவியின் வரிசையில் பதிவுகளை எழுதியிருந்தது. ஒரு பெரிய டேபிள் பல துண்டுகளுக்கு நீளும்போது, அதை உருவாக்கும் கட்டளை அதன் முதல் துண்டிலும், அடுத்த டேபிளை உருவாக்கும் கட்டளை அதன் கடைசித் துண்டிலும் இருக்கும். அதாவது, நாங்கள் எடிட்டரில் திறந்து சேமித்த துண்டுகளில் இருந்த படங்கள் மட்டுமே கெட்டிருந்தன.

ஒரே படத்தை மூலக் கோப்பிலும் திருத்திய கோப்பிலும், பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தோம். ஜேபெக் படத்தின் தொடக்கத்தில் பொதுவாக 255, 216, 255, 224 என்ற நான்கு பைட்டுகள் இருக்கும். மூலத்தில் அப்படியே இருந்தன. திருத்திய கோப்பில் அதே இடத்தில் 239, 191, 189 என்ற மூன்று பைட்டுகள் நான்கு முறை திரும்பத் திரும்ப வந்தன. அந்த மூன்றும் சேர்ந்தால் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 'புரியாத எழுத்து' என்பதைக் குறிக்கும் மாற்றுக்குறி, திரையில் கேள்விக்குறி கொண்ட சாய்சதுரமாகத் தெரிவது. எடிட்டர் கோப்பை யூடிஎஃப்-8 உரை என்று எடுத்துக்கொண்டு, அந்தக் குறியாக்கத்துக்குப் பொருந்தாத ஒவ்வொரு பைட்டையும் மாற்றுக்குறியாக வாசித்து, சேமிக்கும்போது மாற்றுக்குறியையே எழுதிவிட்டது. கெட்ட ஒவ்வொரு பைட்டும் மூன்றானதால்தான் கோப்பு ஒரு ஜிபி வீங்கியது. எந்த பைட் எதுவாக இருந்தது என்ற தகவல் அழிந்துவிட்டதால் இதைத் திருப்பிச் சரிசெய்யவும் முடியாது.

கோப்பின் பெயர் எஸ்கியூஎல் என்று முடிந்தாலும், படங்களை அப்படியே மேற்கோள் குறிகளுக்குள் திணித்து வைத்திருந்ததால், அது முழுமையான உரைக் கோப்பாக இருக்கவில்லை. டம்ப் எடுக்கும்போது ஹெக்ஸ்-பிளாப் என்ற விருப்பத்தைக் கொடுத்திருந்தால் படங்கள் எண்களும் எழுத்துகளுமாக எழுதப்பட்டிருக்கும். எந்த எடிட்டரும் அவற்றைச் சிதைத்திருக்காது.

கேள்வியைப் பிரித்தது

மூலக் கோப்பு பத்திரமாக இருந்ததால் மறுபடி தொடங்கினோம். இம்முறை, எந்த எடிட்டர் திறக்கும் என்று கேட்பதற்கு முன், பார்ப்பது, தேடுவது, விதிப்படி மாற்றுவது, கையால் மாற்றுவது என்று வேலையை நான்காகப் பிரித்தோம்.

பார்ப்பதற்கு லெஸ் (less) என்ற கட்டளை போதுமானதாக இருந்தது. அது கோப்பை முழுவதும் படித்து முடிக்கும்வரை காத்திருப்பதில்லை. வேண்டிய பக்கத்தை மட்டும் படித்துக் காட்டுகிறது. 26 ஜிபி கோப்பு உடனே திறந்தது. ஐம்பது விழுக்காட்டு இடத்துக்குப் போ என்றால் நேராகப் போகிறது. வரி எண்ணைக் கணக்கிடச் சொன்னால் மட்டும் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டியிருப்பதால் இழுத்தடிக்கும். அதை அணைத்து வைத்தோம். நீள வரிகளை மடிக்காமல் வெட்டிக் காட்டும் விருப்பத்தையும் இயக்கியபின், 1 எம்பி வரிகளுக்கு நடுவே டேபிள் கட்டளைகள் தெளிவாகத் தெரிந்தன.

தேடுவதற்கு கிரெப் (grep) கட்டளை. கோப்பில் உரையல்லாத பைட்டுகள் இருந்ததால், முதலில் அது பொருந்தும் இடங்களைக் காட்டாமல் 'இருமக் கோப்பு பொருந்துகிறது' என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொண்டது. எல்லாவற்றையும் உரையாகக் கருதச் சொன்ன பிறகு, மாற்ற வேண்டிய பெயர் மொத்தம் 437 இடங்களில் வருவது தெரிந்தது. அவற்றுள் 6 இடங்கள் இன்சர்ட் வரிகளுக்குள் இருந்தன. அவை, நிர்வாகிகள் இயக்கிய கட்டளைகளைப் பதிவு செய்து வைத்திருந்த ஒரு தணிக்கை டேபிளின் தரவுகள். அவற்றைத் தொட்டால் பழைய பதிவைத் திருத்தி எழுதியதாகிவிடும். முதல் முயற்சியில் 'அனைத்தையும் மாற்று' என்று சொன்னபோது அந்த ஆறும் சேர்ந்தே மாறியிருந்தன. படங்கள் கெட்டிருக்காவிட்டால் இதை நாங்கள் கவனித்திருக்கவே மாட்டோம்.

விதிப்படி மாற்றுவதற்கு செட் (sed) கட்டளை. அது ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மாற்றி, வெளியே எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறது. கோப்பு எவ்வளவு பெரிதானாலும் அதற்கு ஒன்றே. டம்ப் கருவி தரவுக்குள் வரும் புதுவரிக் குறியை மறைத்து எழுதுவதால், ஒரு இன்சர்ட் கட்டளை எப்போதும் ஒரே வரியில் அடங்கும். எனவே 'இன்சர்ட் என்று தொடங்காத வரிகளில் மட்டும் மாற்று' என்ற ஒரு விதி தரவுகளைத் தொடாமல் காப்பாற்றும்.

256 பைட் சோதனை

கையால் மாற்றுவதற்கு ஓர் எடிட்டர் அப்போதும் தேவைப்பட்டது. எத்தனை ஜிபி திறக்கும் என்ற விளம்பரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க நாங்கள் இப்போது தயாராக இல்லை. குழுவின் தரவுத்தள நிர்வாகி ஒரு சிறிய சோதனையைச் சொன்னார்: 0 முதல் 255 வரை எல்லா பைட்டுகளும் ஒருமுறை வரும் 256 பைட் கோப்பு ஒன்றை உருவாக்க வேண்டும், அதை எடிட்டரில் திறந்து, ஓர் எழுத்தைத் தட்டி, அதையே அழித்து, சேமிக்க வேண்டும், பிறகு கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணான செக்சம் முன்னும் பின்னும் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். ஒரு நிமிட வேலை.

கணினிகளில் ஏற்கெனவே இருந்த எடிட்டர்கள் எல்லாவற்றையும் இப்படிச் சோதித்தோம். முதல் முயற்சியில் பயன்படுத்தியது தோற்றது. வேறு சிலவும் தோற்றன. விம் இயல்பான முறையில் எல்லா பைட்டுகளையும் காப்பாற்றி, இறுதியில் ஒரு புதுவரிக் குறியை மட்டும் தானாகச் சேர்த்தது. பைனரி முறையில் திறந்தால் அதையும் சேர்க்காமல் கோப்பை அப்படியே திருப்பித் தந்தது. ஹெக்ஸ் எடிட்டர்கள் இயல்பாகவே தேறின.

விம் முழுக் கோப்பையும் படித்த பிறகே திருத்த விடும் என்பதால் 26 ஜிபிக்கு அது வசதியானதன்று. அதன் ஸ்வாப் கோப்பை அணைத்தால் வேகம் கூடும் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். நினைவகத்தில் கொள்ளாத கோப்புக்கு அந்த அறிவுரை எதிர்விளைவைத் தரும், ஏனெனில் நினைவகத்தில் கொள்ளாத பகுதியை விம் ஒதுக்கி வைப்பதே அந்த ஸ்வாப் கோப்பில்தான். விண்டோஸில் எம்எடிட்டர் போன்று, வட்டிலிருந்தே பகுதி பகுதியாகப் படித்துத் திருத்தும் எடிட்டர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நினைவகத்தைவிட, தற்காலிகக் கோப்புகளுக்கான வட்டு இடம் முக்கியம். எங்களுக்கு முழுக் கோப்பையும் திறந்து வைத்துத் திருத்தும் தேவை உண்டா என்பது தெரியாத நிலையில் அதை வாங்குவதைத் தள்ளிவைத்தோம்.

இரண்டாவது முயற்சி

செட் கட்டளையை, குறியாக்கம் எதையும் பார்க்காமல் பைட்டுகளாகவே நடத்தும் சூழலில் இயக்கினோம். மூலக் கோப்பை அதன் இடத்திலேயே மாற்றும் விருப்பத்தைத் தவிர்த்தோம். அந்த விருப்பமும் உள்ளே ஒரு தற்காலிகக் கோப்பை எழுதிப் பெயர் மாற்றுவதே என்பதால் வட்டு இடத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை, மூலம்தான் போய்விடும். வேலை 11 நிமிடங்களில் முடிந்தது.

சரிபார்ப்பில் ஒரு நல்வாய்ப்பு கிடைத்தது. ஆங்கில எழுத்தில் எழுதும்போது பழைய பெயரின் '0900_ஏஐ' பகுதியும் புதிய பெயரின் 'யூனிகோட்' பகுதியும் சரியாக 7 பைட்டுகள். பெயர்களின் மற்ற பகுதிகள் ஒன்றே. எனவே திருத்திய கோப்பின் அளவு மூலத்தோடு ஒரு பைட் கூடப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். ஒத்திருந்தது. மேலும், அந்த ஏழு இடங்களிலும் பழைய எழுத்தும் புதிய எழுத்தும் ஒன்றுகூடப் பொருந்துவதில்லை. ஆகவே வேறுபடும் பைட்டுகளின் எண்ணிக்கை, மாற்றிய இடங்களின் ஏழு மடங்காக இருந்தே தீர வேண்டும். 437-இல் 6 போக 431 இடங்கள். ஏழால் பெருக்கினால் 3,017. இரு கோப்புகளையும் சிஎம்பி கட்டளையால் பைட் பைட்டாக ஒப்பிட்டு, வேறுபாடுகளை எண்ணச் சொன்னோம். விடை 3,017. இரண்டு நாட்களில் முதல்முறையாக, கோப்பில் என்ன மாறியது என்பது எங்களுக்கு முழுமையாகத் தெரிந்தது.

கொலேஷனை மாற்றுவதில் பொருள் சார்ந்த ஓர் ஆபத்தும் உண்டு. பழைய 'யூனிகோட்' கொலேஷன் எல்லா எமோஜிகளையும் ஒன்றாகவே கருதும். சொல்லின் இறுதியில் வரும் இடைவெளியையும் பொருட்படுத்தாது. ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாத சாவிகளில் இதனால் மோதல் வரலாம். நிர்வாகி அத்தகைய டேபிள்களை முதலில் ஏற்றிப் பார்த்து, மோதல் இல்லை என்று உறுதி செய்தார்.

கையால் திருத்திய ஒரே இடம்

எல்லா டேபிள்களும் ஏறிய பிறகு, கடைசிக் கட்டத்தில் ஒரு வ்யூவில் (டேபிள் போலப் பயன்படுத்தச் சேமித்து வைத்த வினவல்) வேலை நின்றது. அதில் வரிசை எண் தரும் விண்டோ சார்பு பயன்பட்டிருந்தது; அது 8.0-இல்தான் வந்தது, 5.7-க்குத் தெரியாது. இதை விதியால் மாற்ற முடியாது. ஒருவர் உட்கார்ந்து, துணை வினவலாக மாற்றி எழுத வேண்டும். முதன்முதலில் கேட்ட கேள்விக்கு, அதாவது 26 ஜிபி கோப்புக்குள் ஒரு மனிதர் கை வைக்க எது உகந்தது என்பதற்கு, இங்கேதான் உண்மையான தேவை எழுந்தது.

டம்ப் கருவி வ்யூக்களின் இறுதி வடிவத்தைக் கோப்பின் கடைசியில் எழுதுகிறது. அந்தப் பகுதி எந்த பைட்டில் தொடங்குகிறது என்று கிரெப் காட்டியது. அங்கே கோப்பை இரண்டாக வெட்டினோம். வாலில் இருந்தது வெறும் 18 ஆயிரம் பைட்டுகள். படமோ தரவோ அதில் இல்லை என்பதைச் சரிபார்த்துவிட்டு, பொறியாளர் அதை விம்மில் பைனரி முறையில் திறந்து திருத்தினார். ஒட்டிய பின், வெட்டிய இடம்வரை ஒரு பைட்டும் மாறவில்லை என்று மறுபடி ஒப்பிட்டோம். முதல் முயற்சியிலும் நாங்கள் செய்தது வெட்டி ஒட்டுவதுதான். அப்போது வெட்டிய துண்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

கோப்பு பிழையின்றி ஏறியது. படங்களில் மூன்று டேபிள்களின் தொடக்கம், நடு, இறுதி என மாதிரி எடுத்துப் பார்த்தோம். அனைத்தும் சரியாக இருந்தன. திட்டமிட்டதைவிட இரண்டு நாள் தாமதமாக வேலை ஒப்படைக்கப்பட்டது.

இனி மாற்றப்போவது

டம்ப் எடுப்பது எங்கள் கையில் இருக்கும்போது, டேபிள் அமைப்பை ஒரு கோப்பிலும் தரவுகளை இன்னொரு கோப்பிலும் தனித்தனியாக எடுக்கிறோம். படங்கள் உள்ள டேபிள்களுக்கு ஹெக்ஸ் வடிவம் கட்டாயம். அமைப்புக் கோப்பு சில நூறு கேபிக்குள் அடங்கிவிடுவதால், இந்த நிகழ்வில் நாங்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

பிறர் எடுத்த கோப்பு வந்தால், எதையும் திறப்பதற்கு முன் அளவும் செக்சமும் குறிக்கப்படுகின்றன. திருத்திய பின் அளவு எவ்வளவு மாற வேண்டும் என்பதைத் திருத்துபவர் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இந்த விதி பொறியாளரின் யோசனை.

வட்டிலிருந்தே திருத்தும் எடிட்டரை வாங்குவதா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. எனக்கு அது தேவைப்படும் என்று தோன்றவில்லை. கோப்பின் நடுவே பல இடங்களில் கையால் திருத்த வேண்டிய வேலை வந்தால் வெட்டி ஒட்டுவது பிழைக்கு இடம் தரும் என்கிறார் நிர்வாகி, அதையும் மறுக்க முடியாது. அப்படி ஒன்றை வாங்கினால் முதலில் 256 பைட் கோப்பைத்தான் அதில் திறக்கப்போகிறோம். அந்தக் கோப்பு இப்போது குழுவின் பொதுக் கோப்புறையில் இருக்கிறது. முதல் முயற்சியில் படங்களைச் சிதைத்த எடிட்டரில்தான் பொறியாளர் இன்றும் நிரல் எழுதுகிறார். அந்த வேலைக்கு அதில் ஒரு குறையும் இல்லை.